ஆகல்ல

அவள் தமிழ்ச்சிதான். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே கல்யாணமும் முடித்து, தெருவைக்கூட மாற்றாமல் குடியிருந்தவள். திட்டுவது, கொஞ்சுவது, ஜெபிப்பது, மீன்காரரிடம் பேரம் பேசுவது எல்லாம் தமிழில்தான். மறுப்பது மட்டும் கன்னடத்தில். “ஆகல்ல” என்பாள். ஆகாது, நடக்காது, என்னால் முடியாது, இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று எல்லா அர்த்தமும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

ஏன் இதை மட்டும் கன்னடத்தில் சொல்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

“முடியாதுன்னு சொன்னா ஏன் முடியாதுன்னு உக்காந்து பேசறாங்க. மாட்டேன்னு சொன்னா சண்டைக்கு வர்றாங்க. நோன்னு சொன்னா மெயில் போடறாங்க. ஆகல்லன்னா எழுந்து போயிடறாங்க, பாரு” என்றாள்.

போய்விடத்தான் செய்தார்கள். வண்டி டிப்போவுக்குப் போகிறது என்று சொல்லும் பஸ் கண்டக்டரிடம் யாரும் வாதாடுவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

நாங்கள் இருவரும் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் அடுத்தடுத்த மேஜை. ஏறக்குறைய ஒரே வயது. பிளாஸ்டிக் சாமான்களை வார்க்கும் எஃகு அச்சை, அதாவது மோல்டை, வரைவது என் வேலை. அந்த மோல்டை வெட்டுவதற்கு முன்னால், உருகிய பிளாஸ்டிக் அதற்குள் எப்படிப் பாயும், எங்கே சிக்கும், ஆறிய பிறகு எங்கே கோணிக்கொள்ளும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் சரி என்ற பிறகுதான் என் வரைபடம் பட்டறைக்குப் போகும். என் நிம்மதியை நல்ல இடமாகப் பார்த்துத்தான் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு ஒரு டப்பாவைக் காட்டினால் அது டப்பா என்று அதற்குப் புரியாது. டப்பாவின் மேல் முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்களால் வலை போர்த்திக் கொடுக்க வேண்டும். மெஷ் என்போம். முக்கோணங்கள் மூன்று பக்கமும் ஏறக்குறையச் சமமாக, கொழுகொழுவென்று இருந்தால் கணக்கு ஒழுங்காக வரும். ஊசி மாதிரி ஒல்லியாக நீண்டிருந்தால் கணக்கு உளறும். அந்த ஒல்லிகளை மென்பொருள் சிவப்பில் காட்டும், மற்றதைப் பச்சையில் காட்டும். சிவப்பைப் பச்சையாக்குவதற்கு எங்கள் ஆபீசில் ‘க்ளீன் பண்றது’ என்று பெயர். அதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை அது ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஒல்லி முக்கோணங்கள் நசுங்கி இருந்த இடம் தெரியாமல் போய்விடும். திரை பச்சைப்பசேல் என்று ஆனதும் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள்.

அவள் அந்தப் பட்டனைத் தொட மாட்டாள். ஒவ்வொரு சிவப்பையும் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஒரு புள்ளியைக் கொஞ்சம் இழுப்பாள், ஒரு கோட்டைத் திருப்பிப் போடுவாள், இடம் இருந்தால் புதிதாக ஒரு புள்ளியை நடுவாள். வாய் சும்மா இருக்காது. “நீ ஏன்டா இப்படி நீட்டிக்கிட்டு நிக்கிற, காலை மடக்கு” என்று முக்கோணத்தோடு பேசுவாள். பட்டன் பார்ட்டிகளை அவளுக்குப் பிடிக்காது. “குளிப்பாட்டச் சொன்னா தோலை உரிச்சிட்டு வர்றானுங்க. கேட்டா க்ளீன்ங்கறானுங்க” என்பாள்.

இந்தக் குணம் ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் வீட்டுக்குத் திரைச்சீலை வாங்க அவளைச் சிவாஜிநகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது என் புத்தி. கடைக்காரர் ஒரே துணி என்று எடுத்துக் கொடுத்ததில் நடுவில் ஓர் இணைப்புத் தையல் இருந்தது. நான் கவனிக்கவே இல்லை. இவள் விரலை ஓட்டிக் கண்டுபிடித்துவிட்டாள்.

“மடிப்புல உள்ள போயிடும்மா, ஏக்தம் தெரியாது” என்றார் அவர்.

“உள்ள போனா இல்லைன்னு ஆயிடுமா பாய்?”

“விலை கம்மி பண்ணிக்கிறேன்மா.”

“விலைய யாரு கேட்டா. இருக்குன்னு ஒத்துக்கோங்க. அப்புறம் வாங்கறதா வேணாமான்னு இவங்க பாத்துக்குவாங்க.”

அவர் பாவம், முழுக் கடைக்கும் கேட்கிற மாதிரி, தையல் இருக்கிறது என்று சொன்னார். அதன் பிறகு அதையே வாங்கிக்கொள் என்று என்னிடம் சொன்னாள். வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு துணியை வாங்க இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்கு மானம் போனதுதான் மிச்சம்.

அவள் எப்போதும் சரியாக இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மிக்ஸி மூடிக்காக என் வரைபடத்தை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தாள். விளிம்பில் ஒரு சின்ன வளைவு. பட்டன் அதை மழித்துவிடுகிறதாம். கையாலேயே எல்லாவற்றையும் நிமிர்த்தி, ஒருவழியாக ஓட்டினாள். பட்டன் அமுக்கி ஓட்டியதற்கும் அவள் ஓட்டியதற்கும் முடிவில் துளி வித்தியாசமில்லை. நான் காட்டுக் கத்தலாகக் கத்தினேன். பட்டறையில் என் மோல்டுக்காக ஒதுக்கிய மெஷினை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவள் சாவகாசமாக டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“வித்தியாசம் இல்லைன்னு இப்போ தெரியுது. நேத்து தெரியலையே” என்றாள்.

இந்தப் பதிலுக்கு என்ன செய்ய முடியும். அன்று அவளோடு பேசவில்லை. மறுநாள் அவளே வந்து பேசினாள், மன்னிப்பு எதுவும் கேட்காமல்.

இந்த அழகில்தான் எங்களுக்கு அந்தச் சக்கர நாற்காலி வேலை வந்தது. நாற்காலியை நகராமல் பிடித்து நிறுத்துகிற பிரேக் பிடி. கண்ணாடி இழை கலந்த நைலான். பிடியின் அடியில், ஒரு தகடு நுழைவதற்காக, நகம் மட்டுமே புகும்படியான குறுகிய பிளவு. ஸ்லாட் என்போம். பிளவின் இரண்டு சுவர்களும் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் அங்கே விழுந்த முக்கோணங்கள் எல்லாம் ஊசிகள். அந்த இடம் மட்டும் திரையில் ரத்தக் காயம்போல் சிவந்து கிடந்தது.

பட்டனை அமுக்கினால் என்ன ஆகும்? இரண்டு சுவர்களும் ஒட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரின் கணக்கில் ஸ்லாட்டே இருக்காது. பிளாஸ்டிக் நேராக வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். நிஜத்திலோ அது ஸ்லாட்டைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, மறுமுனையில் திரும்பச் சந்திக்கும். தோசைக்கல்லில் இரண்டு பக்கமிருந்து மாவை ஊற்றினால் நடுவில் சேருமிடத்தில் ஒரு தழும்பு விழுமே, அது மாதிரி அங்கே ஒரு கோடு விழும். பிளாஸ்டிக் உடைந்தால் பெரும்பாலும் அந்த மாதிரிக் கோட்டில்தான் உடையும்.

“ஸ்லாட்டைத் திறந்தே வெச்சு, சுத்தி இன்னும் பொடிசா வலை போடணும். ரெண்டு வாரம் குடுங்க. கோடு எங்க விழுதுன்னு சொல்றேன். பிளாஸ்டிக்கை உள்ள விடற வாசலை அப்புறம் இவ மாத்தி வரைஞ்சுக்கட்டும், கோடு வேற பக்கம் போயிடும்” என்று என்னைக் காட்டி மேனேஜரிடம் சொன்னாள்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். மிரட்டுவதாக இருந்தாலும் மரியாதையாகத்தான் மிரட்டுவார்.

“ரெண்டு வாரமெல்லாம் இல்லைங்க. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும். ஸ்லாட்டை ஒட்டிட்டு ஓட்டிப்போடுங்க. எல்லாரும் பண்றதுதானுங்களே.”

“ஆகல்ல சார்.”

“ஒரு வயசானவரோ, நடக்க முடியாதவரோ அதுல உக்காருவாங்கன்னு யோசிக்கறீங்களா? நல்ல மனசுதானுங்க. ஆனா கம்பெனியையும் யோசிக்கணுமில்ல.”

“யாரு வேணா உக்காரட்டும் சார். அதை நான் யோசிக்கல. ஸ்லாட் இருக்கு. இல்லைன்னு என்னால ஓட்ட ஆகாது.”

எனக்கு அவளை மிகவும் பிடித்தது அந்த இடத்தில்தான். புண்ணியவதி என்று பெயர் வாங்கிக்கொள்ள அவர் ஒரு கதவைத் திறந்துவிட்டார். அவள் அதற்குள்ளும் நுழையவில்லை.

மேனேஜர் வேறொரு இன்ஜினியரைக் கூப்பிட்டார். அவன் மத்தியானத்துக்குள் ஸ்லாட்டை ஒட்டி, வலையைப் பச்சையாக்கி, ஓட்டியும் முடித்தான். கோடு கீடு எதுவுமில்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில், ஆய்வு செய்தவர் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. நாற்காலிக் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஆபீசிலிருந்து அவள் பெயரை மட்டும்தான் ஏற்றுக்கொள்வார்கள். பழைய வேலைகளைப் பார்த்துவிட்டு அவர்களே போட்ட நிபந்தனை அது. பெயரைப் போடுங்கள் என்று மேனேஜர் தன்மையாகச் சொன்னார். அவள் சொன்ன பதிலை நான் எழுத வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை அவர்களோடு வீடியோவில் மீட்டிங். மேனேஜர் பச்சைப் படத்தைப் போட்டு விளக்கினார். இவளை மூலையில் உட்கார வைத்து, கேட்டால் மட்டும் பேசுங்கள் என்று சொல்லியிருந்தார். அவருடைய கெட்ட நேரம், கேட்டுவிட்டார்கள். எதிர்ப் பக்கம் இருந்த இன்ஜினியரும் தமிழ்தான், ஓசூர்ப் பக்கம். இவளைத் திரையில் பார்த்ததும், “மேடம், மெஷ் க்ளீனா இருக்குல்ல?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

“ரொம்ப க்ளீனா இருக்கு சார். ஆனா அது உங்க பார்ட் இல்ல” என்றாள்.

பிறகு அவளே, ஸ்லாட்டை எப்படி ஒட்டியிருக்கிறார்கள், அதனால் எந்தக் கோடு மறைந்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொன்னாள். அந்த இன்ஜினியருக்குப் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அவருக்கு மேலே இருந்தவருக்குத் தேதிதான் முக்கியம். மோல்டை வெட்டுங்கள், முதல் சாம்பிளை இழுத்துப் பார்ப்போம், பெயர் போட்ட ரிப்போர்ட்டைச் சாம்பிளோடு அனுப்பினால் போதும் என்று முடித்துவிட்டார்.

சாம்பிள் வர மாதங்கள் ஆகும், அதுவரை அவள் பெயர் தேவையில்லை. திங்கட்கிழமை அவளுக்கு வேலை இல்லை. “கோவிச்சுக்காதீங்க, உங்க திறமைக்கு இது சின்ன இடமுங்க” என்று சொல்லி அனுப்பினார் மேனேஜர். இதற்குப் பதில் வெளிப்படையாகத் திட்டியிருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவள் தன் கப்பையும் குஷனையும் எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வழக்கமான பஸ்ஸில் போனாள்.

இந்தத் தொழில் பெங்களூரில் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் நடக்கிறது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கஸ்டமர் முன்னால் கம்பெனியைக் காட்டிக்கொடுத்தவள் என்று செய்தி அவளுக்கு முன்னாலேயே எல்லா இடத்துக்கும் போய்விட்டது. கூப்பிட்டவர்கள்கூட, பேசிப் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறோம் என்றார்கள். மழைக்காலம் முழுவதும் அவள் வீட்டில்தான் இருந்தாள்.

மோல்டு முடிந்து முதல் சாம்பிள்கள் வந்தன. எல்லோருக்கும் முந்தி நான்தான் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஸ்லாட்டின் முனையில், தலைமுடி விழுந்த மாதிரி, கோடு இருந்தது. நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. சரியாக அவள் சொன்ன இடம்.

பிறகு சாம்பிள்களை மெஷினில் மாட்டி இழுத்தார்கள். நாற்காலிக் கம்பெனி கேட்ட அளவுக்கு மேலேயும் இழுத்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை.

மேனேஜர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு இப்போது ஒன்றுதான் பாக்கி, அந்தப் பெயர். என்னைக் கூப்பிட்டார்.

“உங்க ஃபிரெண்டுதானுங்களே, போய்ப் பேசுங்க. டெஸ்ட் பாஸாயிடுச்சு. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அந்த ரிப்போர்ட்ல பேரை மட்டும் போட்டுட்டு மறுபடி வந்து சேந்துக்கச் சொல்லுங்க. பழைய சீட்டுங்க.”

“ஸ்லாட்டைத் திறந்து புதுசா ஓட்டினா அவளே சந்தோஷமா போடுவாளே சார்” என்றேன்.

“அதுல கோடு தெரியுமுங்க. தெரிஞ்சா வாசலை மாத்துன்னு மோல்டைத் திரும்ப வெட்டச் சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சாம்பிளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்டின் டவுனுக்குப் போனேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. பக்கத்து மேஜை காலியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். அவள் சமையலறையில் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். அவள் கணவர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர், என்னை உட்கார வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் பெருமூச்சு விட்டார்.

“எங்க கல்யாணத்துல கோயில் ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடச் சொன்னாங்க. இவ பேர்ல ஒரு எழுத்து தப்புன்னு பேனாவைக் கீழ வெச்சுட்டா. ஃபாதர் அப்புறம் திருத்திக்கலாம்மான்னு கெஞ்சறாரு. பேண்டுக்காரன் வெளிய நிக்கறான். திருத்தி எழுதுற வரைக்கும் நான் பிரம்மச்சாரிதான்” என்றார். “இருந்தாலும் நானும் கேட்டுப் பாக்கறேன், இரு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏம்மா, உடையலைங்கறாங்களே. பேர்தானே, போட்டுட்டா என்ன? வீட்டுல சும்மனே உக்காந்து நீயும் எவ்ளோ நாள் என்னைத் திட்டிக்கிட்டிருப்பே?”

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். நைட்டியில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். பிடியைக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தாள். நகத்தை ஓட்டினாள். அத்தனை மாதத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

“பாத்தியா, எவ்ளோ அழகா விழுந்திருக்கு” என்றாள்.

“ஆனா உடையலை” என்றேன்.

“உடையாதது நல்லதுதானே. உடையும்னு நான் எப்போ சொன்னேன்? கோடு இருக்கும்னு சொன்னேன். இருக்கு.”

“அப்படின்னா போட்டுடேன். யாருக்கும் நஷ்டமில்ல. திங்கக்கிழமை வந்துடு. எனக்காகவாவது வா.”

கெஞ்சித்தான் கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை அவளுக்கு வேண்டும் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. மறைக்கவும் இல்லை.

“எனக்கும் வரணும்தான். வீட்டுல பைத்தியம் புடிக்குது” என்றாள். “ஆனா அந்த ரிப்போர்ட்ல கோடு இல்ல. இதோ கையில கோடு இருக்கு. இது தாங்கிடுச்சுங்கறதுக்காக அது உண்மையாயிடுமா, சொல்லு? நாளைக்கு அந்தப் பச்சைப் படத்தைக் காட்டியே இதைவிட மெலிசா ஒண்ணு பண்ணுவாங்க. அதுவும் தாங்குமா? அப்போ அதுல என் பேரு இருக்கும்.”

கணவர் எழுந்து மீனைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அனுபவம் அதிகம்.

“பேருதானே கேட்டாரு உங்க சாரு?” என்றாள்.

ஃப்ரிட்ஜின் மேல், ஃப்ரீசர் டப்பாக்களில் எழுதுகிற மார்க்கர் பேனா கிடந்தது. எடுத்தாள். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறியை இழுத்தாள். அதன் முனையில் தன் பெயரை, இனிஷியலோடு, ஓர் எழுத்தும் கோணாமல் எழுதி, ஊதிக் காய வைத்து என் கையில் கொடுத்தாள்.

“இதுல போட்டுட்டேன். கொண்டுபோய்க் குடு” என்றாள். பிறகு மீன் சாப்பிடாமல் என்னை விடவில்லை.

மறுநாள் மேனேஜரின் அறைக்குள் போய், அதை அவர் மேஜையில், அவருக்குப் படிக்க வசதியாகத் திருப்பி வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். கட்டை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். கைக்குட்டையால் தேய்த்தார். மார்க்கர் மை லேசில் போகிற ஜாதியில்லை.

“என்னங்க இது?”

“அவ கையெழுத்து சார்” என்றேன். “இதையே அவங்களுக்கு அனுப்பிடலாமா?”